ஆறு பேருக்குக் கன்றிறைச்சி: ஒஸ்ஸோபுக்கோவா, ஸ்பெட்சாட்டினோவா, வேறு ஏதாவதா?

வீட்டுக்கு ஆறு பேர் சாப்பிட வருகிறார்கள், இத்தாலிய முறையில் கன்றிறைச்சி செய்யலாம் என்று இருக்கிறேன், எதைச் செய்வது? ஐரோப்பாவில் இருக்கும் வாசகர்கள் இப்படிக் கேட்பது வழக்கம். கேட்கும்போதே பெரும்பாலோர் மனதில் மிலானின் நல்லி எலும்புக் கறியான ஒஸ்ஸோபுக்கோ என்று முடிவாகியிருக்கும். நல்ல உணவுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆறு பேருக்கு, ஒரே ஆள் அடுப்பைப் பார்க்கும் வீட்டில், அதைச் செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

முதலில் பட்டியலைச் சுருக்கிக்கொள்வோம். பரோலோ ஒயினில் வேகும் பிரசாட்டோ, ரோம் நகரத்து வால்கறியான கோடா அல்லா வாச்சினாரா இரண்டும் வளர்ந்த மாட்டின் இறைச்சி. மிலானின் கோட்டொலெட்டாவும் ரோமின் சால்டிம்போக்காவும் கன்றிறைச்சிதான், ஆனால் வாணலியில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இங்கே பேசப்போவது மூடி போட்டு, அளவான திரவத்தில், சிறுதீயில் நெடுநேரம் வேகும் வகைகளை. கடைசியில் வரும் இரண்டும் நிறைய நீரில் வெந்து, ஆறிய பிறகு பரிமாறப்படுபவை. கறாராகப் பார்த்தால் அவை இந்த வரிசையில் சேராது. ஆனால் கறிக்கடையில் குழம்பி நிற்பவருக்கு அவையும் ஒரு வழி என்பதால் சேர்த்திருக்கிறேன்.

துண்டு போட்ட கறிக் குழம்பான ஸ்பெட்சாட்டினோ இத்தாலி முழுக்க உண்டு. கீழே வரும் மற்ற ஐந்தும் வடக்கே உள்ளவை. காரணம் பால். போ ஆற்றுச் சமவெளி கறவை மாடுகளின் நிலம். சீஸும் வெண்ணெயும் அங்கிருந்துதான் போகின்றன. பால் பண்ணையில் காளைக்கன்றுக்கு வேலை இல்லை, அது இளசிலேயே கறிக்கடைக்குப் போய்விடும். தெற்கே ஆடும் பன்றியும்தான் சாதாரணக் குடும்பங்களின் இறைச்சி. ஆகவே இந்த உணவுகளில் ஆலிவ் எண்ணெயைவிட வெண்ணெய் அதிகம் புழங்குவதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம்.

வாங்கும்போது லேபிளில் ஓர் எழுத்தைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008 ஜூலை முதல், 8 மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு 'வி' என்றும், 8 முதல் 12 மாதம் வரையுள்ளதற்கு 'இசட்' என்றும் குறிக்க வேண்டும். இத்தாலியில் முதலாவது விட்டெல்லோ, இரண்டாவது விட்டெல்லோனே. இசட் கறி கொஞ்சம் சிவப்பாக, சுவை கூடுதலாக, விலை குறைவாக இருக்கும். வேக அரை மணி நேரம் கூடுதலாக வையுங்கள். கன்றுகளை எப்படி வளர்க்கிறார்கள் என்று கவலைப்படுபவர்களுக்கு: 8 வாரத்துக்கு மேற்பட்ட கன்றைத் தனிக் கூண்டில் அடைப்பது ஒன்றியத்தில் 2007 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அதனால் எல்லாப் பண்ணையும் நல்ல பண்ணை ஆகிவிடாது, ஆனாலும் பழைய நிலைமை இல்லை.

## எதை வைத்து அளப்பது

என் கணக்கில் முதலில் வருவது கறியின் பகுதி. கால் கறியில் கொலாஜன் என்ற சவ்வுப் புரதம் நிறைய. சிறுதீயில் அது கரைந்து ஜெலட்டினாகி, கறியையும் குழம்பையும் வழுவழுப்பாக்கும். கன்றின் கொலாஜன் இளசு என்பதால் மாட்டுக்கறி மூன்று நான்கு மணி நேரம் கேட்கும் இடத்தில் இது இரண்டு மணிக்குள் இறங்கிவிடும். இடுப்புப் பகுதியிலும் பின்தொடையிலும் கொலாஜன் குறைவு; கொஞ்சம் கூடுதலாக வெந்தால் வறண்டுவிடும். ஆக, எந்தப் பகுதி வாங்குகிறீர்களோ அது உங்கள் கவனப்பிசகை எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்தே வாங்குகிறீர்கள்.

அடுத்தது, பரிமாறும் நேரத்தில் சமைப்பவர் எங்கே இருப்பார் என்பது. சில உணவுகள் உங்களை விருந்தினரோடு உட்காரவிடும், சில அடுப்படியிலேயே கட்டிப்போடும். சமையல் குறிப்புகளில் இது வருவதே இல்லை.

அப்புறம் செலவு. கிலோ விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எலும்பு எவ்வளவு, பக்க உணவுக்கு என்ன ஆகும், எவ்வளவு பெரிய பாத்திரம் வேண்டும், அடுப்பு எத்தனை மணி எரியும் என்று எல்லாமே கணக்கில் வரும். முந்தின நாளே செய்து வைக்கலாமா என்பதும் முக்கியம்.

## ஒஸ்ஸோபுக்கோ, மிலான்

பின்னங்காலின் கீழ்ப்பகுதியை நல்லி எலும்போடு குறுக்கே 3 முதல் 4 செ.மீ. கனத்தில் அறுத்த துண்டு. மைதாவில் புரட்டி வெண்ணெயில் சிவக்க வறுத்து, வெங்காயம், வெள்ளை ஒயின், இறைச்சிச் சாறு சேர்த்து மூடி, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வேகவிடுவார்கள். இறக்கும் முன் எலுமிச்சைத் தோல், பூண்டு, பார்ஸ்லி மூன்றையும் பொடியாக நறுக்கிய கிரெமொலாட்டாவைத் தூவ வேண்டும். பழைய மிலான் முறையில் தக்காளி கிடையாது. இன்று பல வீடுகளில் போடுகிறார்கள். எனக்குத் தக்காளி இல்லாததே பிடிக்கும். தக்காளி சேர்ந்தால் எலுமிச்சைத் தோலின் மணம் அமுங்கிப்போகிறது.

சுவையில் இதற்கு ஈடு இந்தப் பட்டியலில் இல்லை. ஆட்டு நல்லியை உறிஞ்சிப் பழகிய நாக்குக்கு இதை யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மிலான்காரர்கள் மஜ்ஜையைத் தோண்ட ஒடுக்கமான ஒரு கரண்டி வைத்திருப்பார்கள். அதற்கு வரி வசூலிப்பவர் என்று கேலிப்பெயர். 2007-இல் மிலான் நகராட்சி தன் ஊர் உணவு என்று இதற்கு முத்திரையும் கொடுத்துவிட்டது.

இனி மறைந்திருக்கும் செலவுகள். எலும்பு போக மிஞ்சும் கறி குறைவு என்பதால் ஆளுக்கு 300 முதல் 350 கிராம் வேண்டும். ஆறு பேர் என்றால் 2 கிலோ. துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது, அடுக்கினால் மஜ்ஜை நழுவிக் குழம்பில் விழுந்துவிடும். அதனால் 30 செ.மீ.க்கு மேல் அகலமான, அடி கனத்த, மூடியுள்ள பாத்திரம் வேண்டும். இல்லாதவர் இரண்டு பாத்திரங்களில் செய்ய வேண்டும். துண்டைச் சுற்றியுள்ள சவ்வை இரண்டு மூன்று இடத்தில் கீறாவிட்டால் சூட்டில் சுருங்கித் துண்டு கிண்ணம்போலக் குழிந்துவிடும், அடிப்பக்கம் சிவக்காது. கடையில் முன்னங்கால் துண்டும் இதே பெயரில் கிடைக்கும். அதில் கறி குறைவு, எலும்பு அதிகம். பின்னங்கால்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

உண்மையான சிக்கல் பக்கத்தில் வைக்கும் ரிசோட்டோ, அதாவது சாற்றில் கிளறிச் செய்யும் சோறு. இத்தாலியில் சோறோ பாஸ்தாவோ முதலில் தனியாக வரும், கறி பிறகு வரும். அந்த வழக்கத்தை மீறி ஒரே தட்டில் சேர்ந்து வரும் வெகு சில இணைகளில் ஒன்று ஒஸ்ஸோபுக்கோவும் குங்குமப்பூ ரிசோட்டோவும். ரிசோட்டோவை முன்கூட்டிச் செய்து வைக்க முடியாது. விருந்தினர் உட்கார்ந்த பிறகு 16 முதல் 18 நிமிடம் அடுப்பருகே நின்று, சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளற வேண்டும். அதே நேரத்தில் பக்கத்து அடுப்பில் ஒஸ்ஸோபுக்கோவைத் திருப்ப வேண்டும், கிரெமொலாட்டாவைத் தூவ வேண்டும். இரண்டு பேருக்கோ நான்கு பேருக்கோ இது ரசித்துச் செய்யும் வேலை. ஆறு பேர் என்றால் விருந்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். ரிசோட்டோ வேண்டாம், சோள மாவுக் களியான பொலெந்தாவோ மசித்த உருளைக்கிழங்கோ போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டால் பாதிச் சுமை இறங்கிவிடும். வட இத்தாலிய வீடுகளிலேயே அப்படிச் செய்பவர்கள் உண்டு.

## ரோஸ்தின் நெகா, இதுவும் மிலான்

வெளியூரில் யாருக்கும் தெரியாத உணவு. எலும்போடு கூடிய இடுப்புப் பகுதி சாப்ஸை மைதாவில் புரட்டி, வெண்ணெயிலும் உப்பிட்ட பன்றி வயிற்றுக்கறியான பன்செட்டாவிலும் சிவக்க வைத்து, ரோஸ்மேரியோ சேஜோ போட்டு, வெள்ளை ஒயினும் சாறும் ஊற்றிச் சிறுதீயில் வைப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். குழம்பு வற்றிப் பளபளவென்று கறியில் ஒட்டிக்கொள்ளும்.

நேரம் மிச்சம், ஆனால் பணம் போகும்: கன்றில் விலை கூடிய பகுதிகளில் ஒன்று இந்த இடுப்பு. போதாததற்கு இது மன்னிக்காத கறி. பத்து நிமிடம் மறந்துபோனால் நார் நாராக வறண்டுவிடும். அடுத்த நாள் சூடுபடுத்தினாலும் அதே கதி. இரண்டு பேருக்கு, வேலைநாள் மாலையில், கொஞ்சம் விசேஷமாகச் சாப்பிடத் தோன்றினால் இது. கூட்டத்துக்கு வேண்டாம்.

## ஸ்பெட்சாட்டினோ, எல்லா ஊரும்

உணவகப் பட்டியலில் இதைப் பெருமையாகப் போட மாட்டார்கள். அம்மாக்களும் பாட்டிகளும் செய்வது. எலும்பில்லாத தோள்கறியை 3 முதல் 4 செ.மீ. துண்டுகளாக வெட்டி வறுத்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட், செலரியோடு வதக்கி, ஒயின் ஊற்றி வற்றவைத்து, சாறு விட்டு ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் வேகவைப்பார்கள். கடைசியில் பச்சைப் பட்டாணி. சில வீடுகளில் தக்காளி, சில வீடுகளில் உருளைக்கிழங்கு. இதுதான் சரியான முறை என்று யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள், அதுவே பெரிய நிம்மதி.

ஆறு பேருக்கு 1.2 கிலோ தாராளம். எட்டுப் பேர் என்றாலும் பாத்திரத்தை மாற்றத் தேவையில்லை, அடுக்கினாலும் வேகும். நேற்றைய ஸ்பெட்சாட்டினோ இன்று இன்னும் நன்றாக இருக்கும். உறைபெட்டியில் வைக்கலாம், உருளைக்கிழங்கு போட்டிருந்தால் மட்டும் வேண்டாம்; அது மணல்போல ஆகிவிடும். மிஞ்சியதைப் பிசிறிப் பாஸ்தாவில் போடலாம்.

இதில் ஏமாற்றம் கறிக்கடையிலேயே ஆரம்பிக்கும். ஸ்பெட்சாட்டினோவுக்கு என்று நறுக்கி வைத்திருக்கும் தட்டில் பல பகுதிகளின் மிச்சங்கள் கலந்திருக்கலாம். தொடைத் துண்டு வறண்டிருக்கும்போது நெஞ்சுத் துண்டு இன்னும் வேகாமல் இருக்கும். தோள்பகுதியை முழுதாக வாங்கி வீட்டில் வெட்டுங்கள், அல்லது கண் முன்னால் வெட்டித் தரச் சொல்லுங்கள். இன்னொன்று, வறுக்கும்போது மொத்தக் கறியையும் ஒரே தடவையில் கொட்டாதீர்கள். நீர் விட்டு அவிந்து வெளுத்துப்போகும். மூன்று நான்கு தடவையாகப் போட்டு எடுக்க வேண்டும். அரை மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும் அந்த வேலையைத்தான் குறிப்புகள் எல்லாம் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன.

குறை என்னவென்றால், மேசையில் வைக்கும்போது யாரும் வாய் பிளக்க மாட்டார்கள். அது பரவாயில்லை என்பவர்களுக்கு இதைவிட நல்ல தேர்வு எனக்குத் தெரியவில்லை.

## ஸ்டிங்கோ, திரியெஸ்தேயும் அதைச் சுற்றியும்

ஒஸ்ஸோபுக்கோவுக்கு அறுக்கும் அதே காலை அறுக்காமல் முழுசாக, ஒயினும் சாறும் விட்டு ஓவனில் வைப்பது. திரியெஸ்தே 1918 வரை ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த துறைமுகம், ஆகையால் உணவில் வியன்னாவின் சாயல் உண்டு. 160 முதல் 170 டிகிரியில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். இடையிடையே குழம்பை அள்ளி மேலே ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. உருளைக்கிழங்கை அதே ஓவனில் கீழ்த்தட்டில் வைத்துவிடலாம்.

முழுக்காலை மேசையில் வைத்து அறுக்கும்போது கிடைக்கும் வரவேற்பு ஒஸ்ஸோபுக்கோவுக்குக்கூட இல்லை. ஒரு கால் 1.5 முதல் 2 கிலோ, நான்கு பேருக்குச் சரியாக வரும். ஐந்தாவது ஆள் வந்தால் இரண்டாவது கால் வாங்க வேண்டும் என்பது இதன் சங்கடம். கடைக்காரரிடம் இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லி வைக்காவிட்டால் எல்லாவற்றையும் ஒஸ்ஸோபுக்கோவாக அறுத்துவிட்டிருப்பார். ஓவன் மூன்று மணி நேரம் ஓடும் மின்கட்டணமும் இருக்கிறது.

## விட்டெல்லோ தொன்னாட்டோ, பியெமோந்தே

பின்தொடையின் கொழுப்பில்லாத உருளைப் பகுதியைக் காய்கறி, பிரிஞ்சி இலை, ஒயின் சேர்த்த நீரில் மெல்ல வேகவைத்து, அந்தச் சாற்றிலேயே ஆறவிட்டு, காகிதம்போல் சீவி, சூரை மீன், உப்பில் போட்ட நெத்திலி, கேப்பர் மொட்டு, முட்டை மஞ்சள் கரு அரைத்த சாஸை மேலே பூசிக் குளிரூட்டியில் வைப்பார்கள். கறியில் மீனா என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கட்டும். கடலே இல்லாத பியெமோந்தேயில் நெத்திலி எப்படி வந்தது என்றால், லிகூரியா கரையிலிருந்து மலை தாண்டி வந்த உப்பு வணிகத்தோடு வந்தது. மாயிரா பள்ளத்தாக்கின் ஆட்கள் நெத்திலி விற்றே ஊர் ஊராகப் போனவர்கள்.

கோடையில், 30 டிகிரி வெயிலில், சூடான நல்லிக் குழம்பை யார் சாப்பிடுவார்கள்? ஆகஸ்ட் விருந்துக்கு இதுதான். முந்தின நாளே முடித்துவிட வேண்டும், அதுதான் முறையும். பரிமாறும்போது வேலை பூஜ்யம். செலவு கறியோடு நிற்காது. நல்ல எண்ணெயில் அடைத்த சூரை மீனும் நெத்திலியும் சேர்ந்தால் பில் ஏறிவிடும். கறி கொதித்தால் வறண்டுபோகும், நீர் லேசாகச் சலசலக்கும் அளவுதான் சூடு. இந்தச் சாஸில் வழக்கமாகச் சேரும் மயோனைஸில் பச்சை முட்டை இருக்கிறது, எனவே கர்ப்பிணிகளும் முதியவர்களும் வருகிறார்கள் என்றால் வேகவைத்த மஞ்சள் கருவை அரைத்துச் செய்யும் பழைய முறையே நல்லது.

## சீமா, ஜெனோவா

கன்றின் நெஞ்சுக்கறியைப் பைபோலத் திறந்து, முட்டை, சீஸ், பட்டாணி, மார்ஜோரம், பைன் கொட்டை, உள்ளுறுப்புகள் எல்லாம் கலந்து அடைத்து, ஊசி நூலால் தைத்து, துணியில் சுற்றி இரண்டு மூன்று மணி நேரம் சாற்றில் வேகவைத்து, இரவெல்லாம் பாரம் வைத்து அழுத்தி, மறுநாள் துண்டு போடுவது. மலிவான பகுதியை முட்டையாலும் காய்கறியாலும் பெருக்கிப் பல பேருக்குப் போதும்படி செய்த கெட்டிக்காரத்தனம்.

முட்டை உப்பும் என்பதால் பையில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும். அதிகம் நிரப்பினால் வெடித்து மொத்தமும் சாற்றில் கலந்துவிடும். முதல்முறை செய்பவர் விருந்து நாளில் இதைத் தொடக் கூடாது. கறி மலிவு, ஆனால் உங்கள் இரண்டு நாள் போகும். பத்துப் பேருக்கு மேல், பஃபே மாதிரி, தையலில் கை பழகியவர் வீட்டில் இருந்தால் செய்யலாம்.

## ஒரே பார்வையில்

| உணவு | பகுதி | நேரம் | பொருந்தும் கூட்டம் | முந்தின நாள் செய்யலாமா |
|---|---|---|---|---|
| ஒஸ்ஸோபுக்கோ | பின்னங்கால் துண்டு | 1½–2 மணி | 2–4 பேர் | கறியைச் செய்யலாம், ரிசோட்டோவை முடியாது |
| ரோஸ்தின் நெகா | இடுப்பு சாப்ஸ் | 1 மணிக்குள் | 2 பேர் | கூடாது |
| ஸ்பெட்சாட்டினோ | தோள் | 1¼–1½ மணி, வறுக்க அரை மணி | 4–10 பேர் | செய்தால் இன்னும் நல்லது |
| ஸ்டிங்கோ | முழுக்கால் | 2½–3 மணி | 4 அல்லது 8 பேர் | முடியும், பகட்டு குறையும் |
| தொன்னாட்டோ | பின்தொடை | 1–1½ மணி, பிறகு ஓர் இரவு | 6–10 பேர், கோடை | செய்தே ஆக வேண்டும் |
| சீமா | நெஞ்சு | 2–3 மணி, பிறகு ஓர் இரவு | 10 பேருக்கு மேல் | செய்தே ஆக வேண்டும் |

## குக்கர், ஒயின், பன்றி

குக்கரில் வைக்கலாமா என்று கேட்காத தமிழ் வீடு இல்லை. இத்தாலிய வீடுகளிலும் குக்கர் உண்டு, கூச்சப்படத் தேவையில்லை. ஸ்பெட்சாட்டினோ நன்றாக வரும்: வறுத்து, ஒயின் வற்றிய பிறகு மூடி, சத்தம் வந்த பின் 20 முதல் 25 நிமிடம். குக்கரில் நீர் ஆவியாகாது, அதனால் சாற்றைப் பாதியாகக் குறையுங்கள், திறந்த பிறகு பத்து நிமிடம் வற்றவிட்டுப் பட்டாணியைப் போடுங்கள். ஒஸ்ஸோபுக்கோவைக் குக்கரில் போடாதீர்கள். கறி வெந்துவிடும், ஆனால் மஜ்ஜை எலும்பில் நிற்காது, குழம்பு தண்ணீராக இருக்கும். தொன்னாட்டோவுக்கும் சாப்ஸுக்கும் குக்கர் கூடவே கூடாது.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் வருகிறார்கள் என்றால் கன்று என்று பெயர் மாறினாலும் அது மாட்டிறைச்சிதான், முன்பே சொல்லிவிடுங்கள். ஹலால் பார்ப்பவர்களுக்கு ஹலால் கடைக் கன்றிறைச்சியில், ஒயின் இல்லாமல், ஸ்பெட்சாட்டினோ, ஸ்டிங்கோ, ஒஸ்ஸோபுக்கோ மூன்றும் செய்யலாம். ரோஸ்தின் நெகாவில் பன்செட்டா பன்றி. அதை எடுத்துவிட்டால் அந்த உணவின் குணமே போய்விடும், வேறு எதையாவது செய்யுங்கள்.

ஒயின் வெந்து ஆவியாகிவிடும் என்று சொல்வது முழு உண்மை இல்லை, கொஞ்சம் மிஞ்சும். வேண்டாம் என்பவர்கள் அதே அளவு சாறு ஊற்றி, இறக்கும் முன் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் புளிப்பு ஈடாகிவிடும். ஒஸ்ஸோபுக்கோவில் கிரெமொலாட்டாவே அந்த வேலையைப் பாதி செய்துவிடும், அங்கே ஒரு தேக்கரண்டி போதும்.